கல்யாணக் கார் ஒழுகிய ஐப்பசி

கார் ஒழுகுகிறது என்று ஒருவர் வந்து சொல்லி முடிப்பதற்குள் பசைக் குழாயைக் கையில் எடுத்துவிடுகிற பிள்ளைகளைக் கண்டால் எனக்கு இன்றைக்கும் கோபம் வரும். அந்தக் கோபத்தில் பாதி உங்கள் மேல் இல்லை, என் மேல்தான். ஏனென்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். சீற் தைக்கிற குசன் வேலைக்கும் தகரம் தட்டுகிற ரிங்கரிங் வேலைக்கும் புதிதாக வந்திருக்கும் தம்பிமாரும் தங்கச்சிமாரும் பொறுமையாகப் படியுங்கள். பொறுமை இல்லாதவர்களுக்கு இந்த வேலை சரிவராது என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

நான் கோப்பாயில் ஒரு கராஜில் இருபத்தெட்டு வருடம் கார் சீற்றும் கார்ப்பெற்றும் தைத்தவள். அதற்கு முன் வீட்டில் சட்டை தைத்துக்கொண்டிருந்தேன். கராஜில் குசன் வேலை செய்தவர் வெளிநாடு போய்விட, முதலாளி கிழிந்த சீற் ஒன்றைத் தூக்கிக்கொண்டு எங்கள் வீட்டுப் படலைக்கு வந்தார். வயிறு பெருத்த ஒருவருக்குச் சட்டை தைப்பதாக நினைத்துக்கொண்டு தைத்துக் கொடுத்தேன். அடுத்த மாதமே என் தையல் மெசின் கராஜுக்குப் போய்விட்டது. பொம்பிளைக்குக் கராஜில் என்ன வேலை என்று கேட்டவர்கள் பிறகு தங்கள் காரை என்னிடம்தான் கொண்டுவந்தார்கள். விரல் மூட்டுகள் ஊசியைப் பிடிக்க மறுத்த பிறகுதான் வேலையை விட்டேன்.

ஒழுகுகிற கார் ரிங்கரிங்காரரிடம் போகும். ஆனால் ஈரம் ஊறிக் கிடப்பது குசன்காரியின் வேலைக்குள். பழைய காரில் தண்ணீர் ஓரிடத்தில் நுழைந்து, தகர மடிப்புக்குள்ளால் ஓடி, வேறோர் இடத்தில் தலை காட்டும். அதனால் கண்ணை மட்டும் நம்பாதீர்கள். தொட்டுப் பாருங்கள், மணந்து பாருங்கள். மணந்து பார்க்க வெட்கப்படுகிறவர்கள் வேலை முடிந்த பிறகு வெட்கப்பட வேண்டிவரும்.

ஒரு முறை காப்புறுதி விற்கிற ஒருவர் தன் காரின் டிக்கி எப்போதும் ஈரமாக இருக்கிறது என்று வந்தார். டிக்கி றப்பரை மாற்றினோம். பின் விளக்குகளைக் கழற்றிப் பசை வைத்தோம். மழையே இல்லாத வைகாசியிலும் ஈரம் வந்தது. நான் விரிப்பைத் தூக்கி மணந்து பார்த்துவிட்டு, "அண்ணை, உங்களுக்குக் குருநகரிலை ஆரும் சொந்தக்காரர் இருக்கினமோ?" என்று கேட்டேன். மாமியார் வீடு அந்தக் கடற்கரையில்தான் என்றார். ஒவ்வொரு சனியும் மாமியார் ஐஸ் போட்டு மீன் கொடுத்தனுப்பியிருக்கிறார். மனிதருக்கு அது நினைவே வரவில்லை. கராஜில் எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். என்னை மிஞ்ச ஆளில்லை என்ற எண்ணம் அன்றைக்குத்தான் என் தலைக்குள் வந்து குந்தியிருக்க வேண்டும்.

இனி நான் சொல்ல வந்த கதைக்கு வருகிறேன்.

நீர்வேலியில் வாழைத் தோட்டம் செய்யும் சிவலிங்கம் அண்ணையிடம் ஐம்பதுகளில் வந்த இங்கிலாந்துக் கார் ஒன்று இருந்தது. பால் நிறம். கல்யாணங்களுக்கு மட்டும் அதை ஓடுவார். புதுக் கார் எத்தனை வந்தாலும் மாப்பிள்ளை பொம்பிளை போக அந்தக் கார்தான் வேண்டும் என்று முகூர்த்தம் வைத்த கையோடு அவரிடம் வந்து சொல்லிவைப்பார்கள். எங்கள் கராஜுக்கு வரும்போதெல்லாம் ஒரு சீப்புக் கதலி கொண்டுவந்து என் மெசினுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுத்தான் பேச்சைத் தொடங்குவார்.

ஆடியில் கல்யாணம் இல்லை. அந்த மாதத்தில் காருக்குப் புதுக் கார்ப்பெற் போட விட்டிருந்தார். நான்தான் போட்டேன்.

புரட்டாதிக் கடைசியில் முதல் மழை பெய்தது. கார் திரும்பி வந்தது. முன்பக்கம், இடது பக்கச் சீற்றில் கால் வைக்கிற இடம் ஊறியிருந்தது. அப்போது ரிங்கரிங் வேலைக்கு ஜெறோம் என்றொருவன் சேர்ந்து எட்டு மாதம். குருநகரில் கடற்தொழில் செய்கிற குடும்பம். கடலை விட்டுத் தகரத்துக்கு வந்தவன், இரண்டு பிள்ளைகளின் தகப்பன், வாய் திறந்து பேசுவது குறைவு. அவன் முன்கண்ணாடி றப்பரை மாற்றினான். அடுத்த மழைக்கு மறுபடியும் ஈரம். கண்ணாடியைக் கழற்றி, கதவு றப்பரையும் சேர்த்து மாற்றினான். ஹோஸ் பைப்பால் அரை மணித்தியாலம் அடித்துப் பார்த்தோம். ஒரு சொட்டும் உள்ளே வரவில்லை. சந்தோசமாகக் காரைக் கொடுத்தனுப்பினோம்.

அந்த ஞாயிறு அளவெட்டியில் கல்யாணம். நல்ல மழை. மணமக்களை ஏற்றிக்கொண்டு வந்த கார் கோயிலடி வளைவில் திரும்பியபோது டாஷ்போட்டுக்குக் கீழேயிருந்து தண்ணீர் கொட்டியது. முன் சீற்றில் இருந்த தோழியின் கால் நனைந்து, ஓடி வந்த தண்ணீர் பின்னால் இருந்த பொம்பிளையின் கூறைச் சேலையிலும் ஏறிவிட்டது. துருவும் சேர்ந்த செந்தண்ணீர்.

திங்கட்கிழமை காலை சிவலிங்கம் அண்ணை வந்தார். கையில் கதலி இல்லை.

"பொம்பிளையின்ரை கூறை நாசமாப் போச்சு தம்பி," என்றார் முதலாளியிடம். குரலை உயர்த்தவில்லை. "கிழவியள் என்னெல்லாம் சொல்லுதுகள் தெரியுமே? காரிலை ஏறின உடனை இப்பிடியாம், இனி என்ன நடக்குமோவாம். அந்தப் பிள்ளை அழுது கொண்டு இறங்கிச்சுது. வியாழக்கிழமை அதே அளவெட்டியிலை நாதஸ்வரக்காரர் வீட்டுக் கலியாணம். நான் என்ன செய்யிறது?"

முதலாளி ஜெறோமைக் கூப்பிட்டார். எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே சொன்னார்.

"மூண்டாம் தரமும் வந்திட்டுது. றப்பர் போடத் தெரியாட்டில் தெரியாதெண்டு முதலே சொல்லியிருக்கலாமெல்லே? இந்தக் காரோடை சரி. நீ வேறை இடம் பார்."

ஜெறோம் கையைத் துடைத்த சீலையை மடித்து வைத்தான். வேலை தெரியாதவன் என்று ஒரு கராஜ் வெளியே அனுப்பினால் எங்கள் வலிகாமப் பக்கத்தில் அடுத்த கராஜ் படலை திறக்காது. எங்கள் தொழிலில் கதை காரை விட வேகமாகப் போகும். அது அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். எனக்கு முதலாளி மேல் கோபமாக வந்தது. அவனுக்காக நியாயம் கேட்க வேண்டும் என்று மனம் துடித்தது. என்னை நானே நல்லவள் என்று நினைத்துக்கொண்ட அந்தக் காலை நேரத்தை இப்போது நினைத்தாலும் கூசுகிறது.

நான் காருக்குள் ஏறிக் கார்ப்பெற்றை உரித்தேன். வழக்கம்போல மணந்து பார்த்தேன். மழைத் தண்ணீர் மணம் இல்லை. புளித்த மணம். இரண்டு நாள் வைத்த பழஞ்சோற்றுப் பானையைத் திறந்ததுபோல இருந்தது. விரலால் தடவினேன். வெள்ளையாக ஊதிப்போன ஒரு மணி விரலில் ஒட்டியது. நசித்துப் பார்த்தேன். அரிசி.

"ஜெறோம், இஞ்சை வா. காருக்குள்ளை அரிசி எப்பிடி வரும்?"

அவன் பார்த்தான். இருவருக்கும் ஒரே நேரத்தில் விளங்கியது. கல்யாணத்தில் மணமக்களுக்குத் தூவிய, அறுகம்புல் கலந்த அறுகரிசியில் கையில் மிச்சம் இருப்பதைக் கார் புறப்படும்போது காரின் மேலும் தூவிவிடுவார்கள். மணமக்களோடு சேர்ந்து காரும் வாழ்த்து வாங்கும். அந்தக் காரின் முன்கண்ணாடிக்கு முன்னால், காற்று உள்ளே வருவதற்கு ஒரு சின்ன மூடி உண்டு. அதற்குக் கீழே ஒரு தொட்டி. அதற்குள் விழுகிற மழைத் தண்ணீர் ஒரு றப்பர் குழாய் வழியாகக் காரின் தளத்து ஓட்டைக்குப் போய் வெளியே விழ வேண்டும். மழை உள்ளே வருவது குற்றம் இல்லை. அதற்கென்று ஒரு வழி வைத்துத்தான் காரைக் கட்டியிருக்கிறார்கள்.

"நாங்கள் இவ்வளவு நாளும் பிழையாத் தேடியிருக்கிறம் அக்கா," என்றான் ஜெறோம். அவன் அவ்வளவு பேசி நான் கேட்டதில்லை. "எங்கடை ஆக்கள் வள்ளம் ஒழுகினால் கடலுக்குள்ளை விட்டுப் பாக்கிறேல்லை. கரையிலை ஏத்திப்போட்டு உள்ளுக்குத் தண்ணி ஊத்துவினம். பிறகு வெளியிலை நிண்டு பாப்பினம். நான் இறங்கிக் கீழை படுக்கிறன். நீங்கள் மேலை ஊத்துங்கோ."

காரை, அடியில் வேலை செய்யவென்று நிலத்தில் வெட்டிய கிடங்குக்கு மேல் தள்ளினோம். ஜெறோம் கீழே இறங்கினான். நான் செம்பில் தண்ணீர் எடுத்து, வெள்ளைத் துணிக்குப் போடுகிற நீலத்தைக் கரைத்தேன், பழைய தண்ணீரோடு குழம்பாமல் இருப்பதற்கு. பாதி திறந்தபடி வண்ணப்பூச்சில் ஒட்டிப்போயிருந்த மூடியைக் கத்தியால் கிளப்பி ஊற்றினேன்.

"வருகுதோ?"

"இல்லை."

இரண்டாவது செம்பிலேயே நீலம் ஏறி வந்து மூடிக்குக் கீழே துருப்பிடித்து ஓட்டை விழுந்திருந்த வலையைத் தொட்டது. தொட்டி ஏற்கெனவே நிறைந்திருந்தது. ஹோஸ் பைப்பால் அடித்தபோது கார் அசையாமல் நின்றது, அதனால் தப்பியது. வளைவில் திரும்பினால் மட்டும் தொட்டியின் உள்விளிம்பைத் தாண்டிக் காருக்குள் கொட்டும். ஜெறோமின் றப்பரில் ஒரு பிழையும் இல்லை.

கம்பியை வளைத்து உள்ளே விட்டு இழுத்தேன். ஊறிய அரிசி, அறுகம்புல், செவ்வந்தி இதழ், சரிகை நூல் ஒன்று. சிரட்டை நிறைய வந்தது. எத்தனை வீட்டு வாழ்த்தோ தெரியாது. முதலாளியும் சிவலிங்கம் அண்ணையும் ஓடிவந்து பார்த்தார்கள். பார்த்ததும் எல்லாருக்கும் சிரிப்பு. காலையிலிருந்து மூடிக் கிடந்த சிவலிங்கம் அண்ணையின் முகமும் திறந்தது.

"சரி, கள்ளன் பிடிபட்டான்," என்றார் முதலாளி. பிறகு கிடங்கைப் பார்த்துச் சொன்னார். "எண்டாலும் ஜெறோம், உதை நீ முதல் நாளே பாத்திருக்க வேணும். நான் சொன்னது சொன்னதுதான்."

கிடங்குக்குள்ளிருந்து ஜெறோமின் குரல் வந்தது.

"முதலாளி, இன்னும் தண்ணி வரேல்லை."

அந்த நேரத்தில்தான் எனக்கு ஆடி மாதம் நினைவுக்கு வந்தது.

கார்ப்பெற் போடுவதற்கு முன் காரைக் கழுவியிருந்தோம். முன்பக்கம் கால் வைக்கிற இடத்துக்குப் பக்கத்தில் இருந்த பலகையைக் கழற்றியபோது உள்ளே ஒரு றப்பர் குழாயின் நுனி தொங்கிக்கொண்டிருந்தது. அதிலிருந்து தண்ணீர் சொட்டியது. காய்ந்த ஆடியிலேயே சொட்டுகிறதே, மாரியில் என்னவாகும் என்று நினைத்தேன். என் புதுக் கார்ப்பெற் பழுதாகிவிடும் என்ற கவலை. சீற் தைக்கிற றெக்சின் துண்டை இறுகச் சுருட்டி, பசை தடவி, குழாய்க்குள் செருகினேன். சொட்டு நின்றது. பலகையைப் பூட்டினேன். ஒருவரிடமும் சொல்லவில்லை. மறைக்க வேண்டும் என்று இல்லை, சொல்ல வேண்டிய விசயமாகவே எனக்குப் படவில்லை. தளத்து ஓட்டையிலிருந்து கழன்றுபோன குழாய் அது. திரும்ப அந்த ஓட்டைக்குள் தள்ளிவிட்டிருந்தால் போதும். நானோ தண்ணீர் வெளியே போகிற ஒரே வழியை அடைத்துவிட்டு, அதற்கு மேல் அழகான பலகையும் பூட்டியிருந்தேன். வழி திறந்திருந்தால் ஒரு பிடி அரிசிகூட அங்கே தங்கியிருக்காது.

இதை நீங்கள் நன்றாக விளங்கிக்கொள்ள வேண்டும். பொய் சொல்ல வேண்டிய தேவைகூட எனக்கு இருக்கவில்லை. சும்மா நின்றிருந்தால் போதும். மத்தியானம் எல்லாரும் சாப்பிடப் போகும்போது பலகையைக் கழற்றி, அடைப்பை இழுத்து, பைக்குள் போட்டுக்கொண்டு போயிருக்கலாம். குற்றத்தை அறுகரிசி சுமந்திருக்கும். மிச்சத்தை ஜெறோம் சுமந்திருப்பான். இருபத்திரண்டு வருடம் சேர்த்த என் பேர் அப்படியே இருந்திருக்கும். இவ்வளவையும் நான் நினைத்தேன். நினைக்கவில்லை என்று உங்களுக்கு எழுதினால் இந்தக் கட்டுரையால் பிரயோசனம் இல்லை. கிடங்குக்குள் மல்லாந்து கிடந்து, முகத்துக்கு மேலே அந்த ஓட்டையையே பார்த்துக்கொண்டிருந்தவனைக் கண்டேன். வேலை போன பிறகும் வேலையை விடாமல் படுத்திருந்தான். அதற்கு மேல் என்னால் நிற்க முடியவில்லை.

"முதலாளி, ஒரு நிமிசம். அந்தக் குழாயை அடைச்சது நான்."

"என்ன கதைக்கிறீர்?"

"ஆடியிலை கார்ப்பெற் போடேக்கை அடைச்சனான். ஒருத்தருக்கும் சொல்லேல்லை. நீங்கள் ஜெறோமைப் பேசின பேச்செல்லாம் எனக்கு விழ வேண்டியது."

நான் உள்ளே ஏறி நாலு ஸ்குறூவையும் கழற்றினேன். பலகைக்குப் பின்னால் என் றெக்சின் துண்டு அப்படியே இருந்தது, நல்ல கைவேலை, ஒரு துளியும் கசியவில்லை. குறட்டால் பிடித்து இழுத்தேன். நீலத் தண்ணீர் முழங்கை வரை பாய்ந்து, புதுக் கார்ப்பெற்றில் கொட்டி, தளத்து ஓட்டையால் இறங்கியது.

"வருகுது அக்கா," என்றான் ஜெறோம். சற்றுப் பொறுத்து, "என்ரை மூஞ்சையிலைதான் வருகுது," என்றான்.

நீல முகத்தோடு ஏறி வந்தவனைப் பார்த்து முதலில் சிரித்தது முதலாளிதான். சிரித்து முடித்ததும் அவனுக்குக் கிட்டப் போய்த் தன் தோள் துவாயைக் கொடுத்தார். "துடை. நான் சொன்னதை மறந்து போ," என்றார். அன்று முழுக்கவும் அடுத்த நாளும் என்னோடு கதைக்கவில்லை. அது எனக்குத் தகும்.

அன்று பின்னேரம் பொம்பிளை வீட்டுக்குப் போனேன். கூறையில் கறை ஏறியது என்னால்தான் என்று அந்தப் பிள்ளையிடமும் கிழவிகளிடமும் சொன்னேன். சகுனமும் இல்லை, ஒன்றும் இல்லை, ஒரு தையல்காரியின் மடத்தனம் என்றேன். கிழவிகளுக்கு அது அவ்வளவு பிடிக்கவில்லை. பிள்ளைக்கு முகம் தெளிந்தது. கூறையை வாங்கிக்கொண்டு வந்தேன். கறை முழுதாகப் போகவில்லை. போகாத இடத்தை உள்மடிப்புக்குள் எடுத்துத் தைத்துக் கொடுத்தேன்.

சிவலிங்கம் அண்ணைக்கு மட்டும் மனம் ஆறவில்லை. புதன்கிழமை காலை, நல்ல மழைக்குள், காரை எடுக்க வந்தார். குழாயைத் தளத்து ஓட்டைக்குள் திரும்பச் செருகிவிட்டு நான் புதிதாகத் தைத்துப் போட்ட கார்ப்பெற்றைக் குனிந்து தடவிப் பார்த்தார்.

"காஞ்சுதான் கிடக்கு. போன முறையும் காஞ்சுதான் கிடந்தது," என்று என் பக்கம் திரும்பினார். "பிள்ளை, செருப்பைக் கழட்டிப்போட்டு முன்னுக்கு ஏறும். ஜெறோம் தம்பி, நீரும் பின்னாலை ஏறும், செருப்பில்லாமல். அளவெட்டிக்குப் போட்டு வருவம். ஆற்றையோ பிள்ளையின்ரை கால் நனையிறதுக்கு முதல் உங்கடை கால் நனையட்டும்."

நியாயமான பேச்சு. ஏறினோம். சுன்னாகம் தாண்டியபோது மழை கண்ணாடியை மறைத்தது. நான் வெறும் காலைக் கார்ப்பெற்றில் அழுத்தி வைத்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு வளைவிலும் கால்விரல்கள் தாமாகவே மடிந்தன. பள்ளிக்கூடத்தில் அடி வாங்கக் கை நீட்டியபோதும் நான் அப்படிப் பயந்ததில்லை. கோயிலடி வளைவு வந்தது. சிவலிங்கம் அண்ணை வேகத்தைக் குறைக்காமலே திருப்பினார். காருக்குக் கீழே எங்கேயோ தண்ணீர் றோட்டில் சளசளவென்று விழுகிற சத்தம் கேட்டது. கால் நனையவில்லை.

"அண்ணை, உந்த வளைவிலை இன்னொருக்கால் எடுங்கோ," என்றான் ஜெறோம்.

எடுத்தார். பிறகு மூன்றாம் தரமும் எடுத்தார். பஸ் தரிப்பில் குடையோடு நின்ற ஒருவர் எங்களை விசர் பிடித்தவர்கள் என்று நினைத்திருப்பார். மூன்றாம் தரம் சிவலிங்கம் அண்ணை காரை ஓரம் கட்டி, தானும் செருப்பைக் கழற்றி, என் பக்கத்துக் கார்ப்பெற்றில் காலை ஊன்றிப் பார்த்தார். திரும்பி வரும் வழியில் நீர்வேலியில் நிறுத்தி, மழையில் நனைந்துகொண்டு தோட்டத்துக்குள் போய், இரண்டு சீப்புக் கதலியோடு வந்தார். ஒன்றை என் மடியில் வைத்தார், மற்றதை ஜெறோமின் கையில் கொடுத்தார். எனக்கு அழுகை வந்தது. ஜெறோம் பார்க்காததுபோல வெளியே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அக்கா," என்றான் கராஜில் இறங்கும்போது, "இனி எதையும் அடைக்கிறதெண்டால் எனக்கும் ஒரு சொல்லுச் சொல்லிப்போட்டு அடையுங்கோ."

அன்றிலிருந்து நான் ஒரு பழக்கம் வைத்துக்கொண்டேன். எதை அடைத்தாலும், எதைத் திறந்துவிட்டாலும், பலகையைப் பூட்டுவதற்கு முன் அதன் பின்பக்கத்தில் எழுதிவைப்பேன். முதலில் தையல் சோக்குக் கட்டியால் எழுதினேன். அது அழிகிறது என்று ஜெறோம் ஒரு பெயின்ற் பேனை வாங்கித் தந்தான். அவன் இப்போது அதே கராஜில் தலைமை ரிங்கரிங்காரன். அவனும் எழுதுகிறான்.

போன மாரியில் உங்களில் ஒருத்தி எனக்குப் போன் எடுத்தாள். சாவகச்சேரியில் ஒரு பழைய காரின் பலகையைக் கழற்றியிருக்கிறாள். பின்னால் என் எழுத்து. 'இந்த ஓட்டையை அடைத்தது நான். தண்ணீருக்கு வழி வலப்பக்கம் கீழே விட்டிருக்கிறேன்.' அவள் சந்தோசமாக வாசித்துக் காட்டினாள். "அக்கா, நீங்கள் எழுதியிருக்கிறபடியால் நான் மேலை பாக்கத் தேவையில்லைத்தானே?" என்று கேட்டாள்.

அவளுக்குச் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன். பலகைக்குப் பின்னால் என் கையெழுத்தைக் கண்டால் அதை அப்படியே நம்பிவிடாதீர்கள். ஒரு செம்புத் தண்ணீர் ஊற்றிவிட்டு, கீழே போய்ப் படுத்துப் பாருங்கள்.